இரண்டு பாட்டிலில் ஒரே எண்

சித்தூர்
21 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய திரு. சுந்தர்சிங் அவர்களுக்கு,

எங்கள் சபையின் பெண்கள் சங்கம் நவம்பர் 17, அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் வீட்டு இஞ்சி பீர் போட்டி நடத்துகிறது. அதற்கு நீங்கள் நடுவராக வர வேண்டும் என்பது போதகர் ஐயாவின் விருப்பம். சங்கத்தின் விருப்பம் என்று எழுதச் சொன்னார். செயலாளர் நான்தான் என்பதால் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, நுரைக்க வைக்கிற உறை, தண்ணீர், வாசனைக்கு வீட்டு மசாலா, இவ்வளவுதான் சேர்க்கலாம். கடைச் சோடா கலந்தது தெரிந்தால் தள்ளுபடி. எல்லோரும் சங்கம் கொடுக்கிற ஒரே மாதிரி பச்சை பாட்டிலில் ஊற்றித் தர வேண்டும். பாட்டிலில் பெயர் இருக்காது. அவரவர் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டின் எண்ணை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து ஒட்ட வேண்டும். எண்ணும் பெயரும் எழுதிய சீட்டைக் கவரில் போட்டு ஒட்டிப் போதகர் ஐயாவிடம் கொடுத்துவிட வேண்டும். சங்கத்தின் பொறுப்பாளர்களும் நடுவரின் குடும்பத்தாரும் கலந்துகொள்ளக் கூடாது.

போஸ்டரைப் பார்த்துவிட்டு வார்டு சச்சிவாலய ஆபீஸிலிருந்து கங்கையா வந்து, "பீர் போட்டியா அம்மா? பர்மிஷன் உந்தா?" என்று கேட்டார். மிஷன் அம்மாமார் காலத்திலிருந்து கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வீடு போடுவதுதான், போதை கிடையாது என்று சொல்லி ஒரு தம்ளர் கொடுத்தோம். பெரிய ஏப்பமாக விட்டுவிட்டுப் போனார்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ருசி பார்ப்பதையே வேலையாகச் செய்கிறவர் நம் சபைப் பிள்ளைகளில் நீங்கள் ஒருவர்தானாம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கே. கேசியா
செயலாளர்

---

திருப்பதி
26 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய செயலாளர் அம்மையாருக்கு,

கூடப் பிறந்த தங்கையிடமிருந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்திய கடிதம் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். உங்கள் அண்ணி பிளெஸ்ஸி படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருகிறேன். போதகர் ஐயாவுக்காக வருகிறேன். சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாட்டில்களை ஐஸில் வையுங்கள், இல்லாவிட்டால் மூடி பறந்து யார் கண்ணையாவது பார்க்கும். குடிக்க வெந்நீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் வேண்டும். மார்க்கு போடும்போது பக்கத்தில் யாரும் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கக் கூடாது. பண்டிகைச் சாப்பாட்டுக்கு நிற்க மாட்டேன்.

பாட்டு எண்ணை ரகசியக் குறியாக வைக்கலாம் என்று யோசித்தது யார்? நம் சபையில் யார் எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பார்கள் என்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். 88 என்றால் மனோரமா அக்கா. 301 என்றால் கிரேஸ் டீச்சர். இதற்கு நேராகப் பெயரையே எழுதிவிடலாம். சரி, உங்கள் விதி, உங்கள் பாடு.

இன்னொன்று. உன் நம்பரை நான் பிளாக் பண்ணி வைத்திருப்பது இரண்டு வருஷமாக அப்படியேதான் இருக்கிறது. அம்மாவை அடக்கம் பண்ணின அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் வண்டியோடு வாசலில் நின்றேன். நீ அம்மாவை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அம்மா இருந்திருப்பாள். நீதான் சாகவிட்டாய் என்றேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நடுவராக வருகிறவன் அண்ணனாக வருகிறான் என்று நினைத்துவிடாதே.

சுந்தர்சிங்

---

சித்தூர்
18 நவம்பர் 2024

ஐயா,

நேற்று நீங்கள் மார்க்குத் தாளை மேசையில் வைத்துவிட்டு, போதகர் ஐயாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். முடிவு சொல்ல முடியாமல் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றோம். அடுத்த ஞாயிறு அறிவிக்கிறோம் என்று சமாளித்தாயிற்று.

உங்கள் தாள் எங்களுக்குப் புரியவில்லை. ஐம்பதுக்கு மார்க்கு. பதினாலு பாட்டில். ஆறாவது வரியில் 217 என்று எழுதிப் பத்தொன்பது போட்டிருக்கிறீர்கள். பதினோராவது வரியில் மறுபடியும் 217. அதற்கு நாற்பத்து நான்கு. ஒரே பாட்டிலை இரண்டு தரம் குடித்தீர்களா? குடித்தால் ஒரு தரம் கேவலமாகவும் ஒரு தரம் பிரமாதமாகவும் எப்படி இருக்கும்? கடைசி மூன்று பாட்டிலுக்கும் முப்பது, முப்பது, முப்பது என்று போட்டிருக்கிறது. மனோரமா அக்கா அதில் ஒன்று தன்னுடையது என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டு, "உங்கண்ணன் குடிச்சிப் பாத்தாரா, இல்ல பாட்டிலைப் பாத்தே போட்டுட்டாரா?" என்று கேட்கிறார்.

உதவிக்கு வந்த கிரேஸ் டீச்சர்தான் பாட்டில்களை வாங்கி ஐஸ் தொட்டியில் போட்டார். அவரைக் கேட்டால், "வந்ததை வாங்கிப் போட்டேன், நம்பரை எவ பாத்தா" என்கிறார். நான் பாட்டில் பக்கமே போகவில்லை.

217க்கு எந்த மார்க்கு சரி? தயவுசெய்து இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். பத்தொன்பதா, நாற்பத்து நான்கா? சீக்கிரம் எழுதுங்கள்.

கேசியா

---

திருப்பதி
21 நவம்பர் 2024

கேசியாவுக்கு,

இரண்டும் சரி.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. ருசி பார்க்கிறவனின் நாக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க, ஒரே சாம்பிளைச் சொல்லாமல் இரண்டு முறை வைப்பார்கள். மார்க்கு பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் அவனுக்கு ஒரு வாரம் லீவு. ஆறாவது பாட்டிலில் 217ஐப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் பாட்டு அது. கல்லறையில் நாம் அழுதுகொண்டே பாடின பாட்டு. அதை யார் ஒட்டினது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். பேக்கரி வாடை. தொண்டையில் மாவு மாதிரி நின்றது. பத்தொன்பது போட்டேன்.

பதினோராவதும் 217 என்றதும், ஓஹோ, என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். பழைய பத்தொன்பதையே போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு வாய் வைத்தேன்.

கேசியா, அது அம்மா கை. முதலில் எலுமிச்சை, அது போனதும் இஞ்சி, எல்லாம் இறங்கின பிறகு ஒரு மிளகுக் காரம் மெதுவாக வந்து உட்காரும். அம்மாவைத் தவிர யாருக்கும் அது வராது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த மூன்று பாட்டிலும் என் வாயில் வெறும் தண்ணீர். அதனால்தான் முப்பது, முப்பது, முப்பது. மனோரமா அக்காவிடம் மன்னிப்பு கேட்டதாகச் சொல். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டி ஏறினேன்.

அம்மாவின் உறை உன்னிடம்தான் இருக்கிறது. அம்மாவின் பாட்டை ஒட்ட வேறு யாருக்கும் தோன்றாது. அந்தப் பாட்டில் உன்னுடையது. செயலாளர் கலந்துகொள்ளக் கூடாது என்று எழுதினவளே நீதான், அதற்குத் தனியாகத் திட்டுகிறேன். மற்ற 217 யாருடையதோ, எனக்குத் தெரிய வேண்டாம்.

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால் எழுதுகிறேன். அம்மாவை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறவள் அவளைச் சாகவிட்டிருக்க மாட்டாள். கல்லறைத் தோட்டத்தில் நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு.

அண்ணன்

---

சித்தூர்
25 நவம்பர் 2024

அண்ணா,

நீங்கள் எழுதினதைப் பத்து தரம் படித்தேன். ஸ்கூலில் பரீட்சைத் தாள் கட்டுக்குள் வைத்துக்கொண்டு பதினோராவது தரமும் படித்தேன்.

சனிக்கிழமை போதகர் ஐயா சீட்டுக் கவர்களைத் திறந்தார். 217 என்று இரண்டு சீட்டு. ஒன்று என்னுடையது. ஆமாம், நான் விதியை மீறினேன். ஏன் என்று கேட்டால், உங்களுக்கு என் பெயர் தெரியாமல் என் கையால் போட்டதைக் குடித்து ஒரு நல்ல வார்த்தை சொல்வீர்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஐம்பது வயதில் இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு சீட்டில் இருந்த பெயர் பிளெஸ்ஸி, திருப்பதி.

உங்கள் மனைவி! நடுவரின் மனைவி! போதகர் ஐயா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "கேசியா, இன்னா இது? போட்டி வச்சவளும் கலந்துகினா, மார்க்கு போட்டவரு வூட்டுக்காரம்மாவும் கலந்துகினா, மீதிப் பேரெல்லாம் எதுக்கு வந்தாங்க?" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தினமும் திருப்பதிக்கு ரயிலில் போய்வருகிற மனோரமா அக்காதான் அண்ணியிடமிருந்து வாங்கிவந்து, நம் பச்சை பாட்டிலில் ஊற்றி, எண் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். நர்ஸம்மா அல்லவா, ரகசியம் காப்பது அவர் தொழில்.

உங்களுக்குத் தெரிந்தேதான் நடந்ததா? உங்கள் வீட்டுப் பாட்டில் என்று தெரிந்தா மார்க்கு போட்டீர்கள்? அப்படி இருந்தால் எனக்கு எழுதின அந்த மன்னிப்புக்கு என்ன அர்த்தம்?

எந்தப் பாட்டில் யாருடையது என்று போதகர் ஐயா கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். முடிவை இன்னும் ஒரு வாரம் தள்ளிவைத்தாயிற்று.

கேசியா

---

திருப்பதி
28 நவம்பர் 2024

கேசியாவுக்கு,

பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டுச் சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பின்னால், மூன்று வாரமாக ஒரு ஜாடி நுரைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக மூக்கை வைத்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தெரியவில்லை. ஃபேக்டரியில் சொன்னால் என்னை வாட்ச்மேன் வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

பிளெஸ்ஸியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "ஆமா, அனுப்பினேன்" என்றாள். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்றால், "உறை புடிக்கிறதுல இருந்து எல்லாம் அத்தை சொல்லிக் குடுத்தாங்க, போன்ல" என்கிறாள். அம்மாவின் கடைசி மாதங்களில், நீ ஸ்கூலுக்குப் போனதும் பதினோரு மணிக்கு அம்மா இவளைக் கூப்பிடுவாளாம். தினமும். எனக்குத் தெரியாமல். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க அதையும் வச்சிக்கினு கேசியா கிட்ட சண்டைக்குப் போவீங்கன்னு அத்தைதான் சொல்ல வேணாம்னாங்க." போட்டிக்கு ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். "கேசியா கேட்டா சொல்றேன்" என்றாள்.

என் வீட்டில் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடக்கிறதோ. நான் யாரோடு குடித்தனம் பண்ணுகிறேன் என்றே குழம்பிப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். பத்தொன்பது இவளுடையது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காபிகூட இவளுக்கு ஒரே மாதிரி வராது. போனில் கேட்டுக்கொண்டு அம்மா கை வந்துவிடுமா? இதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பேக்கரி வாடை என்றும் சொன்னேன். அவள் துணி வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

இவள் போட்டது மொத்தமும் அந்த ஒரு பாட்டிலுக்கே சரியாகப் போய்விட்டதாம், மிச்சமில்லை. உன்னுடையதில் ஒரு பாட்டில் இருந்தால் மனோரமா அக்காவிடம் கொடுத்தனுப்பு. ஒரு வாய் குடித்தால் போதும், போதகர் ஐயாவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உன் பாட்டில்தான் நாற்பத்து நான்கு என்று ஊருக்கே தெரியட்டும். கோப்பை கிடைக்காவிட்டால் போகிறது.

அண்ணன்

---

சித்தூர்
2 டிசம்பர் 2024

அண்ணா,

பாட்டிலை மனோரமா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் குடி.

பத்தொன்பது என்னுடையது.

அம்மா போன பிறகு நாற்பது நாள் நான் சமையலறைக்குள்ளேயே சரியாகப் போகவில்லை. தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டால்தான் உறை உயிரோடு இருக்கும். எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஒரு நாள் மூடியைத் திறந்தேன். மேலே பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. கொல்லையில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதபோது வந்த அழுகையைவிட அது பெரிய அழுகை. யாரிடமும் சொல்லவில்லை. போட்டிக்குப் போட்டது பேக்கரியில் வாங்கின ஈஸ்ட். உன் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

உன் இருபத்தொன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். மிளகுக் காரம் என்று எழுதியிருந்தாய். அம்மா மிளகு போடுவாள் என்பதே எனக்குத் தெரியாது அண்ணா. பத்து மாதம் பக்கத்திலேயே இருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மருந்து கொடுத்த எனக்குச் சொல்லாததை அண்ணிக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று புரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அம்மா மேலேயே கோபம் வருகிறது. அந்தப் பாட்டிலை நான் ருசிகூடப் பார்க்கவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றிப் பந்தியில் கொடுத்துவிட்டார்கள்.

தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தேன் என்றால், நீ கேட்ட மன்னிப்புக்காகத்தான். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கல்லறையைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகிறேன். நீ சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். உன் கடிதம் வந்த பிறகு போன ஞாயிறுதான் அது கேட்காமல் நடந்தேன். வேறொருத்தியின் பாட்டிலுக்குக் கிடைத்தது என்று தெரிந்தும் அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் அண்ணி துணி வாளியோடு மாடிக்குப் போனாள் என்று எழுதினாயே, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளிடம் போய்ச் சொல். நாற்பத்து நான்கு அவளுடையது.

அன்றைக்கு நீ வண்டியோடு நின்றபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை அனுப்பாதடி. ஊசியும் ட்யூபும் வச்சி ஆஸ்பத்திரி கட்டில்ல போட்டுடுவாங்க. நான் இங்கியே செத்துப் போறேன். அவனாண்ட சொல்லாத, அவன் ஒடைஞ்சிடுவான்" என்றாள். அம்மா சொன்னதைத்தான் செய்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஒரு நாள் சரி என்று தோன்றும். மறுநாள் நீ சொன்னதுதான் நியாயம் என்று தோன்றும்.

ஆகவே மன்னிப்பை நீ திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அது அம்மா கை இருக்கிறவளுக்கு எழுதினது. எனக்கு அந்தக் கை இல்லை.

கேசியா

---

திருப்பதி
5 டிசம்பர் 2024

அன்புள்ள கேசியாவுக்கு,

உன் பாட்டிலைக் குடித்தேன். பத்தொன்பது அதிகம். அன்றைக்கு எனக்கு மனசு இளகியிருந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் பிளெஸ்ஸிக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். பாதியில் அவளே தாளை வாங்கி மீதியைப் படித்தாள். முதலில் அவள் காலில் விழாத குறையாக மன்னிப்பு கேட்டேன். காபியைப் பற்றிச் சொன்னதற்கும் சேர்த்துக் கேட்கச் சொன்னாள், கேட்டேன். போதகர் ஐயாவுக்கும் எழுதிவிட்டேன்: இரண்டு 217ஐயும் தள்ளுபடி செய்யுங்கள், அடுத்த மார்க்கு 301க்கு, அது கிரேஸ் டீச்சருடையது, கோப்பையை அவருக்குக் கொடுங்கள். கடைசி மூன்று பேருக்கு நான் செய்தது அநியாயம், அடுத்த வருஷம் வேறு நடுவரைப் பாருங்கள்.

மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். முடியாது. பாட்டிலை வைத்துக் கேட்டது தப்பு. இப்போது பாட்டில் இல்லாமல் கேட்கிறேன். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இரண்டு வருஷம் ஒருத்தியாகவே சுமந்தாய். நான் ஊரார் முன்னால் திட்டியும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீ செய்தது சரியா தப்பா என்று எனக்கும் தெரியவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், பதில் வரவில்லை. அதைத் தெரியாமலேதான் உன்னைத் திட்டினேன். அதற்குத்தான் மன்னிப்பு. உன் நம்பரை இன்று காலை திறந்துவிட்டேன். உடனே கூப்பிடலாம் என்று நினைத்தேன், என்ன பேசுவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அம்மா ஏன் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று நீ கேட்டுவிட்டாய். நீ கேட்டால் சொல்கிறேன் என்றிருந்தாள் அல்லவா, சொன்னாள். அம்மா இவளிடம் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்த கிறிஸ்மஸுக்கு நான் இருக்க மாட்டேன் பிளெஸ்ஸி. கேசியா அந்த உறைய பாத்துக்க மாட்டா, அழுதுகினு உக்காந்திருப்பா, அது செத்துடும். அப்புறம் அதுக்கும் சேத்து அழுவா. அவளாண்ட சொன்னா இப்பவே அழ ஆரம்பிச்சிடுவா, அதான் உங்கிட்ட சொல்றேன். நீ கத்துக்கோ. ஒரு பாட்டில் போட்டு அவ கையில குடு. அவ குடிச்சி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கோ."

அந்தக் கிறிஸ்மஸுக்கே போட்டாளாம். நான் உன் பெயரையே வீட்டில் எடுக்க விடவில்லை, கொண்டுவர வழியில்லை. போன வருஷமும் போட்டாள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இந்த வருஷம் போட்டி என்று என் பெயருக்கு உன் கடிதம் வந்ததும், பாட்டில் எப்படியும் செயலாளர் கைக்குத்தானே போகும் என்று மனோரமா அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பரிசுக்கு இல்லை. அண்டாவில் ஊற்றிவிடுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

புதிதாக ஒரு பாட்டில் போட்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை, பதினாலாம் தேதி, பதமாகிவிடும். காலை எட்டு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். நான் மார்க்கு போட மாட்டேன், வாயிலும் வைக்க மாட்டேன். நீ குடிக்க வேண்டும். முடிக்கிற வரைக்கும் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம்.

உன் அண்ணன்
சுந்தர்சிங்